பதினாறு நாள் திறந்திருந்த கதவு

எங்கள் கம்பெனிக்கு ரோபோ வந்தது ரெண்டாயிரத்து எட்டில், ஆடி முடிகிற சமயம். சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில் அட்டைப்பெட்டி அடிக்கிற கம்பெனி எங்களுடையது. வெடிப் பெட்டியும் தீப்பெட்டி லேபிளும் அடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வெளிநாட்டு பிஸ்கட் கம்பெனி ஒன்று ஆர்டர் கொடுத்ததும் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த ஒற்றைக் கை ரோபோ ஒன்றை வாங்கி இறக்கிவிட்டார். கன்வேயரில் பெட்டிக்கட்டு வரும்வரை அது ஆடாமல் அசையாமல் நிற்கும். கட்டு வந்ததும் வெடுக்கென்று குனிந்து, உறிஞ்சித் தூக்கி, அரைவட்டம் திரும்பி, மரப்பலகையில் அடுக்கும். பேக்கிங் பெண்கள் முதல் நாளே அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கொக்கைத் தரையில் நட்டு நிமிர்த்தியவன் நான். பெயர் மாரிக்கண்ணன், மெயின்டனன்ஸ் ஃபோர்மேன், பத்தொன்பது வருஷ சர்வீஸ். கோயம்புத்தூருக்குப் போய் ஐந்து நாள் அதன் பாஷையைப் படித்துவிட்டு வந்தவனும் நான்தான். ரோபோ செக்‌ஷனுக்கு இன்சார்ஜ் போடப்போகிறார்கள் என்றால் அது வேறு யாராக இருக்க முடியும்? என் வீட்டுக்காரி செல்வலட்சுமி எம். புதுப்பட்டியில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் வரைக்கும் சொல்லிவிட்டாள்.

வந்தவள் நசிமா. சாத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற யாகூப் பாயின் மகள். இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு கார் கம்பெனியில் இரண்டு வருஷம் ரோபோ பாதுகாப்பு பார்த்தவளாம். பிஸ்கட் கம்பெனிக்காரன் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். ரோபோவுக்கென்று பல நாடுகள் கூடி எழுதிய பாதுகாப்புத் தரம் இருக்கிறது, அதன்படி ரிஸ்க் அசெஸ்மென்ட் செய்து ஃபைல் காட்ட வேண்டும், ஆடிட்டர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் லோடு ஏறும் என்றான். அதற்காகத்தான் முதலாளி அவளைக் கூட்டிவந்து, இன்சார்ஜ் என்று போர்டையும் மாட்டினார். அந்த போர்டுக்குச் சுவரில் ஆணி அடித்தவனும் நான்தான், கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வயிறு பற்றி எரிந்தது. அதுவரைக்கும் தண்ணீர் மோட்டார் நின்றால்கூட “ஏலே மாரிக்கண்ணா” என்றுதான் முதலாளி கூப்பிடுவார். அந்த வாயால் இப்போது “எதுக்கும் நசிமாம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கோ” என்றார். போதாததற்கு அது நோன்பு மாதம். அவள் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் பொழுதன்னைக்கும் ஷெட்டில் நின்றாள். அவள் கண்ணில் படக்கூடாது என்று பேக்கிங் பெண்கள் தங்கள் டீயை எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு வெளியே போய்க் குடித்தார்கள். நான் வருஷா வருஷம் மலைக்கு மாலை போட்டு நாற்பத்தோரு நாள் விரதம் இருக்கிறேன். என் மூஞ்சிக்கு நேரேதான் ஆம்லெட் சாப்பிடுவார்கள்.

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வரும். ரோபோவைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு. அதற்கு எதிரே நாற்காலி போட்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கேள்வி. இங்கே அடிபட்டால் எவ்வளவு படும்? இந்த இடத்துக்கு ஆள் எத்தனை தடவை போவார்? வருவது தெரிந்தால் விலக நேரம் இருக்குமா? மூன்றுக்கும் பதில் போட்டு, அபாயம் பெரிதா சிறிதா என்று கட்டம் கட்டமாக எழுதினாள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறாளாக்கும் என்று நான் பசங்களிடம் சொன்னேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. அதே பயல்கள் அவள் ஏதாவது சொன்னால் மட்டும் கெக்கெக்கென்று சிரிப்பார்கள்.

நான்காம் நாள் என்னிடம் வந்தாள்.

“அண்ணே, மெஷின் என்ன பண்ணும்னு புத்தகத்துல இருக்கு. மனுசங்க என்ன பண்ணுவாகன்னு உங்களுக்குத்தான் தெரியும். அவசரத்துல, பயத்துல, சோம்பல்ல, இங்கன நிக்கிற ஆளு என்னென்ன தப்பு பண்ணுவாக? அதையும் எழுதினாத்தான் ஃபைலு முழுசாகும்.”

நல்ல கேள்விதான். இன்றைக்குச் சொல்கிறேன், அருமையான கேள்வி. அன்றைக்கு எனக்கு அது எப்படிக் கேட்டதென்றால், உன் பத்தொன்பது வருஷத்தையும் எடுத்து என் கையில் கொடு, நான் எழுதி என் பேரைப் போட்டுக்கொள்கிறேன் என்பதுபோலக் கேட்டது.

“எங்க ஆளுக தப்பு பண்ண மாட்டாக மேடம்” என்றேன். “நீங்க படிச்சவுக. பாத்து எழுதிக்கிடுங்க.”

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. “சரிண்ணே, ஞாபகம் வந்தா சொல்லுங்க” என்று போய்விட்டாள். அன்று மத்தியானச் சோறு எனக்கு ருசியாக இறங்கியது.

இப்போது தங்கத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூண்டுக்கு வெளியே கன்வேயர் பக்கத்தில் நின்று, கோணலாக வருகிற கட்டை நேராக்கிவிடுகிற வேலை அவளுக்கு. எங்கள் ஊர்க்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். அதற்கு முன்பு ஏழு வருஷம் வெடி ஆலையில் மருந்து செலுத்துகிற ரூமில் இருந்தவள். அங்கே ஒரு தடவை தீப்பிடித்தது. ரூமுக்கு நான்கு பக்கமும் கதவு, நான்கும் திறந்தே கிடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அன்றைக்கு ஒரு கதவை மட்டும் மூட்டை அடுக்கி மறைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஓடிய இரண்டு பேர் வெளியே வரவில்லை. தங்கத்தாய் வேறு பக்கம் ஓடியவள். அதற்குப் பிறகு அவள் அந்த வேலைக்குப் போகவில்லை, நான்தான் எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டேன்.

அவள் நிற்கிற இடம் எப்படி என்றால், முதுகுப் பக்கம் சுவர், இடது பக்கம் கன்வேயர், முன்னால் கூண்டு. வலது பக்கம் மட்டும் ஒரு சந்து. அந்தச் சந்தையும் மத்தியானத்துக்குள் பலகை அடுக்கி அடைத்துவிடுவார்கள். கூண்டின் கதவு மட்டும் திறந்திருந்தால் உள்ளே புகுந்து, அந்தப் பக்கம் பலகை வெளியேறுகிற வாய் வழியாக நேராக ஷட்டருக்கு ஓடிவிடலாம். வெடி ரூமில் இருந்து வந்தவளுக்கு முதலில் கண்ணில் படுவது ஓடுகிற வழிதான். நசிமா என்னிடம் கேட்டுவிட்டுப் போன அதே வாரம் சேர்ந்தவள், சேர்ந்த அன்றே என்னிடம் வந்து நின்றாள்.

“அண்ணே, இந்தக் கதவ மூடிட்டா எனக்கு மூச்சு முட்டுது. தொறந்து வச்சுக்கிடவா?”

“தொறந்தா கொக்கு நின்னுரும்லா.”

அதுதான் ஏற்பாடு. கதவில் ஒரு இரும்பு நாக்கு இருக்கும். கதவை மூடினால் அது கம்பத்தில் இருக்கிற சுவிட்சுக்குள் போகும், ரோபோ ஓடும். கதவைத் திறந்தால் நாக்கு வெளியே வந்துவிடும், ரோபோ அந்த நிமிஷமே நின்றுவிடும். கதவு திறந்திருந்தால் கை செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். கூண்டு, கட்டம், ஃபைல் எல்லாம் அந்த ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

சுவிட்சோடு உபரியாக ஒரு நாக்கு வந்திருந்தது. என் மேஜை டிராயரில் கிடந்தது. அதை எடுத்துச் சுவிட்சுக்குள் செருகிவிட்டால் கதவு திறந்தே கிடக்கும், கொக்கும் ஓடும். அதைத்தான் தங்கத்தாய் கையில் கொடுத்தேன். நசிமாவின் வெள்ளை ஹெல்மெட் தூரத்தில் தெரிந்தால் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட வேண்டும், அவள் போனதும் மறுபடி செருகிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தேன்.

“இதுனால ஒன்னும் ஆகாதுல்ல அண்ணே?”

“நான் குடுக்கேன்ல. போய் வேலையப் பாரு.”

பாவம், பயப்படுகிறாளே என்று கொடுத்ததாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. நசிமா கட்டம் போட்டு எழுதுகிற அத்தனை பக்கமும் ஒரு சாண் இரும்பில் பொய்யாகிவிட்டது, அது எனக்கு மட்டும் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் முதலாளி ரூமிலிருந்து சிரித்துக்கொண்டே வரும்போதெல்லாம் நான் அந்த நாக்கை நினைத்துக்கொள்வேன். மனசு குளிர்ந்துவிடும்.

ஃபைல் முடிந்தது. முதலாளி அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இந்தக் கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இம்புட்டுச் சுத்தமா ஒரு வேலை நடந்ததில்ல” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொறாமையா என்று செல்வலட்சுமி அன்று சாயங்காலம் கேட்டாள். பொறாமைதான், வேறென்ன, போய்ச் சோத்தப் போடு என்று கத்தினேன்.

ஆடிட் வைத்திருந்த வியாழக்கிழமை காலையில் நான் தங்கத்தாயிடம் போனேன்.

“இன்னிக்கு அந்த நாக்க எடுக்க வேண்டாம். யாரு வந்தாலும் கதவு தொறந்தே கெடக்கட்டும். மேடம்கிட்டப் பேசிட்டேன், சரின்னுட்டாக.”

பொய். பச்சைப் பொய். அவள் கும்பிடாத குறையாக, “நல்லதாப் போச்சுண்ணே” என்றாள்.

என் கணக்கு என்னவென்றால், சென்னை ஆடிட்டர் வருவார், கதவு திறந்து கிடக்கும், கொக்கு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அவர் ஃபைலைப் பார்ப்பார், கொக்கைப் பார்ப்பார், நசிமாவைப் பார்ப்பார். முதலாளி முன்னால் அவள் முகம் எப்படிச் சுருங்கும் என்று பார்க்க வேண்டும். அதற்கு நல்ல இடமாகத் தேடி, கூண்டுக்கு எதிரே தூணோரம் நின்றுகொண்டேன். அந்தத் தூணில்தான் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் இருக்கிறது. அதற்காக நான் அங்கே நிற்கவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பதினொரு மணிக்கு வந்தார்கள். முதலாளி, ஆடிட்டர் ஜெயச்சந்திரன், நசிமா. சரியாக அந்த நேரம் பார்த்து, கட்டுக்குப் பட்டி சுற்றுகிற மெஷினில் பட்டி தீர்ந்துவிட்டது. கன்வேயர் காலி. கொக்கு கழுத்தை நீட்டிக்கொண்டு கட்டுக்காகக் காத்து நின்றது. பார்க்கிறவர்களுக்குச் செத்துக் கிடப்பதுபோல் இருக்கும். உள்ளே உயிர் இருப்பது எனக்குத் தெரியும். கதவு முழுசாகத் திறந்து, சுவிட்சை மறைத்துக்கொண்டு கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.

“ஆள் உள்ளே போனால் நிற்கும் என்று எப்படி நம்புவது?” என்று ஆடிட்டர் கேட்டார்.

“இதோ பாருங்க சார். கதவு தொறந்திருக்கு, மெஷின் நிக்குது. இந்தக் கதவு தொறந்திருக்கிற வரைக்கும் யார் நெனச்சாலும் இத ஓட்ட முடியாது” என்று நசிமா சொன்னாள். சொல்லிக்கொண்டே உள்ளே இரண்டு எட்டு வைத்து, தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்த இடத்தைக் காட்டக் குனிந்தாள்.

பின்னால் எவனோ பட்டியை மாட்டிவிட்டான். கன்வேயரில் கட்டு ஒன்று அசைந்து வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு நேரம் ஆகிறது, நடந்தபோது நேரமே ஆகவில்லை. கை திரும்பியது. நான் ஐயோ என்று கத்திக்கொண்டே பட்டனை உள்ளங்கையால் அறைந்தேன். கொக்கு அவள் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. ஹெல்மெட் உருண்டு கன்வேயருக்கு அடியில் போனது. நசிமா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெண்கள் அவளை வெளியே தூக்கிவந்தார்கள். அடி ஒன்றும் இல்லை. ஆடிட்டர் நேராகப் போய்க் கதவை விலக்கி, கம்பத்தைத் தடவி, நாக்கைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நிஜமாகவே கட்டிப்பிடித்தார்.

“ஏலே மாரிக்கண்ணா! நீ மட்டும் இல்லேன்னா இன்னிக்கு ஒரு பிள்ள போயிருக்கும்லே! உன்ன விட்டுட்டு வெளியாளத் தேடுனேன் பாரு, என்னச் சொல்லணும். நாளையிலேர்ந்து நீதான்லே இதுக்கு இன்சார்ஜ்.”

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். இத்தனை நாள் எதற்காக வயிறெரிந்தேனோ அது கையில் வந்து விழுந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் இனித்தது.

“இத வச்சது யாரு?” என்று முதலாளி நாக்கை வாங்கி ஆட்டினார்.

“நான்தான் மொதலாளி” என்றாள் தங்கத்தாய். “எனக்குக் கதவு தொறந்து கெடக்கணும். நானாத்தான் எடுத்து வச்சேன்.”

என்னைப் பார்க்கவே இல்லை. வேலை வாங்கிக் கொடுத்த அண்ணனைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாள்போல. முதலாளி வாசலைக் காட்டி, “போயிரு. இந்தப் பக்கம் தலவச்சும் படுக்காத” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கத்தாய் டிபன் பையை எடுக்கப் போனாள்.

நசிமா எழுந்து வந்தாள். கன்வேயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கத்தாய் நிற்கிற இடத்தில் போய் நின்று, சுவரைப் பார்த்தாள், அடைத்துக் கிடந்த சந்தைப் பார்த்தாள், கூண்டைப் பார்த்தாள்.

“சார், அவுகள அனுப்பாதீக. இங்கேருந்து வெளிய போறதுக்கு வழியே இல்ல. மூணு நாள் எதிரே உக்காந்து பாத்தேன், ஒரு தடவகூட இங்கன வந்து நின்னு பாக்கல. இந்தச் சுவத்த ஒடச்சு ஒரு கதவு வச்சிருந்தா அவுக ஏன் கூண்டுக் கதவத் தொடப்போறாக? தப்பு அவுகளது இல்ல. ஃபைலு போட்டது நான். தப்பு என்னோடது. நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றேன்.”

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஆடிட்டர் தலையை ஆட்டினார், அதில் ஒரு மரியாதை இருந்தது. என்னைக் கட்டிப்பிடித்த முதலாளிகூட, “என்னம்மா இப்படிச் சொல்ற” என்று குரலை இறக்கிவிட்டார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எனக்குக் கை தட்டிய கூட்டம், இப்போது நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டது.

எனக்கு மறுபடி எரிந்தது. நம்புங்கள், மனச்சாட்சி என்றெல்லாம் பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். நான் பார்த்துப் பார்த்துச் செய்த தப்பு. அதைக்கூட அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதிலும் நல்ல பேர் வாங்குகிறாள். இதையும் இவளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமா?

“அது உன் தப்பு இல்ல!” என்று கத்திவிட்டேன். “என் தப்பு! நாக்க எடுத்துக் குடுத்தது நான். ஒளிச்சு வைக்கச் சொல்லிக் குடுத்தது நான். இன்னிக்கு எடுக்காதன்னு சொன்னதும் நான்தான். நீ ஒன்னும் அத எடுத்துக்கிட வேண்டாம்!”

முதலாளியின் கை என் தோளில் இருந்து இறங்கியது. நசிமா என்னையே பார்த்தாள்.

“எத்தன நாளாண்ணே?”

“பதினாறு நாளா.”

“எதுக்கு?”

“உன் மேல பொறாம. ஆடிட்டர் முன்னால நீ தலகுனியணும். அம்புட்டுதான்.”

ஃபைலைக் கையில் எடுத்தவள் திறக்காமலே வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். அவளிடமிருந்து வரப்போவதற்குத்தான் நான் உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றேன். வந்தது வேறு பக்கத்திலிருந்து.

வாசல்வரை போயிருந்த தங்கத்தாய் டிபன் பையோடு திரும்பி வந்து என் எதிரே நின்றாள். கோபமாகக்கூட இல்லை. புரியாமல் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“அண்ணே, நசிமாம்மா ரெண்டே ரெண்டு எட்டுத்தான் வச்சாக. நான் பதினாறு நாளும் அந்தத் தொறந்த கதவுகிட்டல்ல நின்னேன். என் வீட்ல ரெண்டு பிள்ளைக இருக்கு. நீங்க ஒரு நாளாச்சும் என்ன நெனச்சீகளா?”

நினைக்கவில்லை. நான் எங்கே அவளை நினைத்தேன்? பதினாறு நாளும் நான் நசிமாவை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.